மண்டபத்து ஏசி கரண்டை குடிக்கிறதா? பெரிய மெஷின்களுக்கும் வந்தது கிடுக்கிப்பிடி!

மதுரை:

மதுரை மாசி வீதிகளில் மத்தியான நேரம் நடந்து போனவர்களுக்கு இது தெரியும். மண்டையைப் பிளக்கிற வெயில். திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் முகத்தில் ஜில்லுன்னு காத்து அடிக்கும். நிமிர்ந்து பார்த்தால் பெரிய ஜவுளிக்கடை வாசல். கதவை அகலமா திறந்து போட்டிருப்பாங்க. நாமும் செருப்பு வாரை சரி பண்ணுகிற மாதிரி ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போவோம்.

இந்த ஓசி காத்துக்கு காசு கொடுப்பது யார்? கடைக்காரர் ஈ.பி.க்கு கட்டுகிறார். அப்புறம் அதை புடவை விலையில் ஏத்தி நம்மகிட்டயே வாங்கிவிடுகிறார். ஆக, அது ஓசியே இல்லை.

வீட்டுக்கு ஏசி வாங்கப் போனால் எல்லாருமே இப்போ "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறோம். ஆனால் நூறு டன், இருநூறு டன் என்று ராட்சத ஏசி போடுகிற ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, தியேட்டர்களில் அந்தக் கேள்வியை கேட்க ஆள் இல்லை. அதற்கும் மத்திய அரசு விதிமுறை வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாத சங்கதி.

துண்டுச்சீட்டு ஷாக்!

சில வருஷங்களுக்கு முன்னாடி எங்க சித்தப்பா மகள் கல்யாணம் ஒரு ஏசி மகாலில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். வாடகை பேசி அட்வான்ஸ் கொடுத்து எல்லாம் நல்லபடியா முடிந்தது. மறுநாள் மத்தியானம் சாமான்களை ஏத்துகிற நேரத்தில் மேனேஜர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். முதல் நாள் சாயந்திரம் மீட்டர் ரீடிங் இவ்வளவு, இப்போ இவ்வளவு, வித்தியாசம் இத்தனை யூனிட். கரண்டுக்கு மட்டும் தனியா 28 ஆயிரம் ரூபாய்! சித்தப்பா மொய் கவரைப் பிரித்துத்தான் எண்ணிக் கொடுத்தார்.

மீட்டரில் கோளாறு இருக்குமோ என்று நானும் போய் பார்த்தேன். மீட்டர் மேல் தப்பு இல்லை. மொட்டை மாடியில் இருந்த மெஷின்தான் துருப்பிடித்து, தூசி அடைத்து, லாரி மாதிரி உறுமிக்கொண்டு கிடந்தது.

விஷயமே இங்கேதான் இருக்கு. மெஷினை வாங்கியவர் மண்டப ஓனர். கரண்டுக்கு பணம் கட்டியவர் பெண்ணைப் பெத்தவர். வாங்குகிறவருக்கு மெஷின் விலை கம்மியா இருந்தால் போதும். அது எவ்வளவு கரண்ட் சாப்பிட்டால் அவருக்கு என்ன? காம்ப்ளக்ஸ்களிலும் இதே கதைதான். பில்டர் மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டு போய்விடுவார். வாடகைக்கு வந்தவர் பதினைந்து, இருபது வருஷம் பில் கட்டுவார். ஆஸ்பத்திரி என்றால் ரூம் வாடகையில் சேர்ந்துவிடும்.

"வாங்குகிறவர் பாடு, விற்கிறவர் பாடு" என்று விட்டுவிட முடியாமல் அரசு நடுவில் நுழைந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

டன் மட்டும் பார்த்தால் போதாது

பெரிய கட்டிடங்களில் வீடு மாதிரி ரூமுக்கு ரூம் ஏசி மாட்டுவதில்லை. மொட்டை மாடியிலோ, பேஸ்மென்ட்டிலோ சில்லர் என்கிற பெரிய மெஷின் இருக்கும். அது தண்ணியை 7 டிகிரி அளவுக்கு குளிர வைக்கும். அந்த தண்ணி பைப் வழியா ஒவ்வொரு மாடிக்கும் போகும். அங்கே ஏ.எச்.யூ. என்று சொல்கிற பெட்டிக்குள் காயிலில் சுற்றும். ஃபேன் அந்த காயில் மேல் காத்தை அடிக்கும். அது டக்ட் வழியா நம் தலைக்கு மேல் ஜில்லென்று இறங்கும். நடுத்தர மண்டபங்களில் சில்லர் இருக்காது. டக்டபிள், கேசட் என்று சொல்கிற பெரிய ஸ்பிளிட் ஏசிகளை வரிசையா போட்டிருப்பாங்க.

டன் என்றதும் மெஷினோட எடை என்று நினைப்பவர்கள் உண்டு. அது எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை மெஷின் இழுக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் ஐஸ் கட்டியை வைத்து குளிரூட்டிய காலத்தில் வந்த கணக்கு, இன்னிக்கும் அப்படியே ஓடுது. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் குளிர்ச்சி.

அந்த ஒரு டன் குளிர்ச்சியைக் கொடுக்க மெஷின் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது? பைக் வாங்கும்போது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். இதை சி.ஓ.பி. என்கிறார்கள். ஒரு கிலோவாட் கரண்டை வாங்கிக்கொண்டு 5 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளினால் சி.ஓ.பி. 5. நம்பர் கூடினால் லாபம். காண்டிராக்டர்கள் இதையே திருப்பிப் போட்டு "டன்னுக்கு எத்தனை கிலோவாட்" என்று பேசுவாங்க. அதில் நம்பர் குறைந்தால்தான் லாபம். ரெண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்துவிடக் கூடாது.

விதி என்ன சொல்லுது?

2001-ல் எரிசக்தி பாதுகாப்பு சட்டம் வந்தது. அதன்படி 2002 மார்ச்சில் பி.இ.இ. எனப்படும் எரிசக்தி திறன் செயலகம் டெல்லியில் தொடங்கப்பட்டது. வீட்டு ஏசியில் ஸ்டார் ஒட்டுவது இவர்கள் ஏற்பாடுதான்.

பெரிய கட்டிடங்களுக்கு 2007 மே மாதம் தனியா ஒரு விதித்தொகுப்பு வந்தது. எரிசக்தி சேமிப்பு கட்டிட விதி என்று பெயர். சுருக்கமா ஈ.சி.பி.சி. ஆரம்பத்தில் 500 கிலோவாட்டுக்கு மேல் இணைப்பு உள்ள கட்டிடங்களுக்குத்தான் என்று இருந்தது. 2010-ல் சட்டத்தைத் திருத்தி 100 கிலோவாட் அல்லது 120 கே.வி.ஏ. என்று இறக்கிவிட்டார்கள். இது ரொம்ப பெரிய மாற்றம். 100 கிலோவாட் என்றால் ஸ்டார் ஓட்டல் மட்டும் இல்லை. ஓரளவு பெரிய ஜவுளிக்கடையும், ஏசி மகாலும் உள்ளே வந்துவிடும்.

2017 ஜூனில் விதித்தொகுப்பை புதுசா எழுதினார்கள். அதில்தான் எந்த சைஸ் சில்லர் குறைந்தபட்சம் எவ்வளவு மார்க் எடுக்கணும் என்று தெளிவா போட்டிருக்கு. தண்ணீரால் சூட்டைத் தணிக்கிற வாட்டர் கூல்டு சில்லர், 260 கிலோவாட்டுக்குள் என்றால் (அதாவது சுமார் 75 டன்) சி.ஓ.பி. 4.7 இருக்கணும். 530 வரை 4.9. 1,050 வரை 5.4. 1,580 வரை 5.8. அதற்கும் மேலே போனால் 6.3. மெஷின் பெருசாக ஆக, மார்க்கும் ஏறுகிறது.

காத்தாலேயே சூட்டைத் தணிக்கிற ஏர் கூல்டு சில்லருக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. 260 கிலோவாட்டுக்குள் 2.8, அதற்கு மேல் 3.0. இது பாஸ் மார்க் மட்டும்தான். இன்னும் நல்லா செய்கிறவர்களுக்கு இதற்கு மேலே ரெண்டு படிகள் வைத்திருக்கிறார்கள்.

சில்லர் இல்லாமல் பெரிய ஸ்பிளிட், டக்டபிள் போடுகிறவர்களும் தப்ப முடியாது. 3 டன் வரை உள்ள மெஷினுக்கு 3 ஸ்டார் வேணும். அதைத் தாண்டிய ஏர் கூல்டு மெஷினுக்கு 2.8-க்கு குறையக் கூடாது.

2022-ல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். 2023 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்த அந்த திருத்தம், விதித்தொகுப்பின் பெயரிலேயே "நிலைத்தன்மை" என்கிற வார்த்தையை சேர்த்தது. பெரிய குடியிருப்பு கட்டிடங்களையும் உள்ளே கொண்டு வர வழி செய்தது. அதையொட்டி 2024-ல் புது விதித்தொகுப்பும் வந்தது. ஆகவே இன்னிக்கு மெஷின் வாங்குகிறவர் 2017 அட்டவணையோடு நிறுத்திவிடாமல், புதுசையும் கேட்டு வாங்கி பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு வருஷத்துக்கு எத்தனை லட்சம்?

மூணுக்கும் அஞ்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோணலாம். கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 டன் ஏசி போட்ட ஒரு பெரிய ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். 703 கிலோவாட் குளிர்ச்சி. சி.ஓ.பி. 3.0 உள்ள ஏர் கூல்டு மெஷின் போட்டால் ஃபுல் லோடில் 234 கிலோவாட் கரண்ட் எடுக்கும். சி.ஓ.பி. 5.4 உள்ள வாட்டர் கூல்டு மெஷின் 130 கிலோவாட்டில் வேலையை முடிக்கும். வித்தியாசம் 104.

இருங்க, முழுசா லாபம் இல்லை. வாட்டர் கூல்டு என்றால் கூலிங் டவர் ஃபேன், தண்ணி பம்ப் என்று கூடுதல் செலவு இருக்கு. அதுக்கு ஒரு 24 கிலோவாட் கழித்துவிடுவோம். மீதி 80. தினம் 10 மணி நேரத்துக்கு 800 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 7,200 ரூபாய். மெஷின் எந்நேரமும் ஃபுல் லோடில் ஓடாது என்பதால் பாதியை வெட்டிவிட்டாலும் ஒரு நாளைக்கு 3,600. வருஷத்தில் 300 நாள் என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்!

இதில் யூனிட் காசு மட்டும்தான் வருது. எச்.டி. இணைப்பு வைத்திருப்பவர்கள் கே.வி.ஏ. கணக்கில் டிமாண்ட் சார்ஜ் வேறு மாசாமாசம் கட்டணும். மெஷின் கம்மியா இழுத்தால் அதுவும் இறங்கும்.

தண்ணி லாரிக்கு எங்கே போறது?

மதுரைக்காரர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். "வாட்டர் கூல்டு சரிதான், வாட்டருக்கு எங்கே போறது?"

நியாயமான கேள்வி. கூலிங் டவரில் தண்ணி ஆவியாகித்தான் சூடு வெளியே போகுது. ஒரு டன், ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 6 லிட்டர் ஆவியாகிவிடும். மீதி தண்ணியில் உப்பு கெட்டிப்படாமல் இருக்க கொஞ்சத்தை வெளியே விட்டு புதுசா நிரப்பணும். எல்லாம் சேர்த்து 8 லிட்டர் என்று வைத்தால், நம்ம 200 டன் கடைக்கு ஃபுல் லோடில் ஒரு நாளைக்கு 16 ஆயிரம் லிட்டர். பாதி லோடு என்றாலும் 8 ஆயிரம். மூணு நாளைக்கு ரெண்டு பெரிய லாரி தண்ணி!

வைகையில் மணலைப் பார்த்தே பழகிப்போன ஊரில், கடை ஏசிக்கு லாரி லாரியா தண்ணி விடுகிறார்கள் என்றால் தெருக்காரர்கள் சும்மா இருப்பாங்களா? இதனாலேயே பலரும் மறுபேச்சு இல்லாமல் ஏர் கூல்டுக்கு போய்விடுகிறார்கள். ஆனால் 2017 விதி இதில் ஒரு கோடு போட்டிருக்கு. 530 கிலோவாட், அதாவது 150 டன் வரை உள்ள கட்டிடத்தில் ஏர் கூல்டு போடலாம். அதைத் தாண்டினால் மொத்த சில்லரில் 33 சதவீதத்துக்கு மேல் ஏர் கூல்டு இருக்கக் கூடாது. உள்ளூர் அதிகாரிகள் ஏர் கூல்டுதான் வேணும் என்று உத்தரவு போட்டால் மட்டும் விலக்கு.

என்னைக் கேட்டால், இந்த விதியில் தண்ணி பஞ்சம் உள்ள ஊர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். விலக்கு கேட்டு அலைகிற வேலையை யார் செய்வது? அதே நேரம் பாத்ரூம், கேன்டீன் கழிவுநீரை சுத்திகரித்து கூலிங் டவருக்கு விடுகிற ஆஸ்பத்திரிகளும், ஐ.டி. கம்பெனிகளும் இருக்கத்தான் செய்கின்றன. 200 டன் போடுகிறவருக்கு அந்த பிளான்ட் போடுவது முடியாத காரியம் இல்லை.

இன்னொரு ஆபத்து, நம்ம ஊர் போர் தண்ணி. உப்பு. அதை அப்படியே விட்டால் கண்டென்சர் டியூபில் சுண்ணாம்பு மாதிரி படியும். டியூப் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. மெஷின் திணறும், கரண்ட் எகிறும். பேப்பரில் 5.4 என்று வாங்கிய மெஷின் ரெண்டே வருஷத்தில் அந்த மார்க்கை கோட்டை விட்டுவிடும். சாஃப்ட்னர் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது டியூபை சுத்தம் பண்ணினால்தான் போட்ட காசு திரும்பும்.

ஃபுல் லோடு என்பது 1 சதவீதம்தான்!

சில்லர் விற்க வருகிறவர்கள் ஃபுல் லோடு மார்க்கை மட்டும் காட்டிவிட்டு போய்விடுவார்கள். ஆனால் ஆடித் தள்ளுபடி கூட்டமும் கத்திரி வெயிலும் தினமுமா வருது? காலையில் கடை காலியா இருக்கும். மார்கழியில் வெளியே குளிரும். இதற்காகவே ஐ.பி.எல்.வி. என்று ஒரு கணக்கு இருக்கு. கிரிக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த கணக்கில் ஃபுல் லோடுக்கு கொடுக்கிற வெயிட்டேஜ் வெறும் 1 சதவீதம். முக்கால் லோடுக்கு 42, அரை லோடுக்கு 45, கால் லோடுக்கு 12 சதவீதம். அதாவது மெஷின் பெரும்பாலும் பாதி, முக்கால் வேகத்தில்தான் ஓடப்போகிறது. அந்த வேகத்தில் அது எப்படி என்பதுதான் பில்லை முடிவு பண்ணும்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று 120 டன் போதுகிற இடத்தில் 200 டன் ஒரே மெஷினா தள்ளிவிடுகிற பழக்கம் நம்மாட்களிடம் நிறைய. அந்த மெஷின் வருஷம் பூரா அரைகுறை லோடில் ஓடி ஓடி கரண்டை வீணாக்கும். ரெண்டு சின்ன மெஷினா போட்டு, கூட்டத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணை நிறுத்திக்கொள்ளலாம். ஃபேனுக்கும் பம்புக்கும் வி.எஃப்.டி. போட்டால் தேவைக்கு ஏத்த மாதிரி வேகம் குறையும்.

2018 செப்டம்பரில் சில்லர்களுக்கும் ஸ்டார் லேபிள் திட்டத்தை பி.இ.இ. ஆரம்பித்தது. நம்ம நாட்டு வெயிலை வைத்து போட்ட கணக்கு என்பதால் இதை நம்பலாம். 3 டன்னுக்கு மேல் 5 டன் வரையிலான கடை ஏசிகளுக்கு 2020 மார்ச்சில் லேபிள் வந்தது. ரெண்டுமே முதலில் கம்பெனிகள் விருப்பப்பட்டால் ஒட்டலாம் என்றுதான் தொடங்கியது.

24 டிகிரி போதும்

மெஷின் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரிமோட் யார் கையில் இருக்கு என்பதும் முக்கியம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத கரண்ட் மிச்சம் என்று மத்திய மின்துறை 2018-லேயே சொன்னது. ஸ்டார் போட்ட வீட்டு ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் ஆன் ஆகணும் என்று உத்தரவும் வந்தது. ஆனால் மண்டபத்தில் 18-ல் வைத்துவிட்டு, மணமேடையில் இருப்பவர்களுக்கு பட்டிலும் குளிருது, கைக்குழந்தைக்கு சளி பிடிக்குது என்று புலம்பல். மாப்பிள்ளை வீட்டார் வந்து "ஏசி பத்தலை" என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்!

யார் பார்க்கிறாங்க?

தமிழ்நாட்டில் எரிசக்தி சேமிப்பு சட்டத்துக்கு பொறுப்பான ஏஜென்சி மின் ஆய்வுத்துறை. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கு. விதியை மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கட்டிட பிளானில் மெஷின் பெயர் சரியா இருந்தாலும், மாடிக்கு ஏறி எந்த மெஷின் நிற்கிறது என்று பார்க்கிற வேலைதான் கஷ்டம். மத்திய விதியை மாநில அரசு ஏற்று, உள்ளாட்சி கட்டிட விதியோடு சேர்த்தால்தான் அது கீழ் வரைக்கும் வேலை செய்யும். பழைய கட்டிடத்தில் பழைய மெஷினை வைத்து ஓட்டுகிறவர்களை இந்த விதி தொடுவதில்லை. பெரிய அளவில் விரிவாக்கம், மாற்றம் செய்தால்தான் உள்ளே வருவார்கள். சித்தப்பா காசு கொடுத்த அந்த மகால் இந்த ரகம்தான்.

புதுசா கட்டுகிறவர்கள் காண்டிராக்டரிடம் கொட்டேஷன் வாங்கும்போது, டன் விலையோடு சேர்த்து "ஃபுல் லோடில் டன்னுக்கு எத்தனை கிலோவாட், அரை லோடில் எத்தனை, ஸ்டார் லேபிள் இருக்கா, தண்ணி எவ்வளவு குடிக்கும்" என்று எழுதி வாங்குங்க. வாட்டர் கூல்டில் டன்னுக்கு 0.65, ஏர் கூல்டில் 1.17 என்பது மேலே சொன்ன பாஸ் மார்க்கின் இன்னொரு முகம். அதைவிட கூடுதலா சொன்னால் ஏன் என்று கேளுங்க.

மண்டபம் புக் பண்ணுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே கரண்ட் வாடகையில் சேர்ந்ததா, தனியா, தனி என்றால் யூனிட் எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்க. சாவி வாங்கும்போது மீட்டரை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க.

எங்க சித்தப்பாவுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த தடவை மண்டபம் பார்க்க போகும்போது நானும் கூட வரணுமாம். மொட்டை மாடிக்கு ஏறி மெஷினை பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் என்று சொல்லியிருக்கிறார்.